கொட்டகை ஆணியில் தொங்கிய சட்டை

என் வீட்டுக்காரரோடு தெருவில் நடந்து போவது பெரிய சோதனை. எதிரே வருகிறவர் யாரென்று பார்க்கவே மாட்டார். "அந்த ஆளு பேன்ட்டப் பாரு. இடுப்புல ரெண்டு விரல் உள்ள பிடிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்!" என்று என் காதைக் கடிப்பார். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அவர் கண் தையலிலேயே நிற்கும். என் பெரியப்பா போன அன்று எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது என் பக்கத்தில் வந்து, "கோட்டு அவருக்கு நல்லா உட்கார்ந்திருக்கு, இல்ல?" என்று கேட்ட மகானுபாவர். அன்றைக்கு நான் முறைத்த முறைக்குப் பெரியப்பாவே எழுந்து உட்கார்ந்திருப்பார்.

வேலையும் அதற்கேற்ற வேலை. பெரிய துணிக்கடை ஒன்றில் ஆல்ட்ரேஷன் மாஸ்டர். மூன்றாவது மாடியில், உடை போட்டுப் பார்க்கும் அறைகளுக்கு எதிரே அவருடைய தையல் மெஷின். ரெடிமேடு வாங்குகிறவர்கள் கண்ணாடி முன்னாலுள்ள சின்ன மேடையில் ஏறி நிற்பார்கள். இவர் கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசிகளுமாக மண்டியிட்டு, தொங்குவதை மடிப்பார், தொளதொளப்பதைப் பிடிப்பார். தோளைத் தொங்கப்போட்டு வந்தவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான். அதைப் பார்ப்பதில் இவருக்கு ஒரு போதை. ஆனாலும் கையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எவ்வளவு பிடித்துத் தைத்தாலும் மிச்சத் துணியை வெட்டமாட்டார். உள்ளே மடித்து விட்டுவிடுவார். "மனுஷன் இன்னைக்கு இளைப்பான், நாளைக்குப் பெருப்பான். உள்ள துணி இருந்தா பிரிச்சு விட்டுக்கலாம். வெட்டிட்டா போச்சு" என்று கடைக்குப் புதிதாக வருகிற தையல்காரர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

நான் மின்சார அலுவலகத்தில் புகார் போன் எடுப்பவள். எந்தத் தெருவில் கரண்ட் போனாலும் திட்டு எனக்குத்தான். பகலெல்லாம் வாங்கியதைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து இவர் தலையில் இறக்கிவைப்பேன். அவரும் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டே கைக்குட்டைக்கு இஸ்திரி போடுவார். எங்கள் குடும்ப வண்டி ஓடுவது அப்படித்தான்.

"ஒரு தடவையாவது மரம், மாடெல்லாம் இருக்கற இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று மகள் பல வருஷமாக நச்சரித்ததில், இந்த விடுமுறைக்குத்தான் அவருக்கு மனம் இறங்கியது. மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில், மாடு வைத்திருக்கும் ஒரு வீட்டில், பின்பக்கத்து இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார்கள் என்று என் அலுவலகத்தில் ஒருவர் விசாரித்துச் சொன்னார். எனக்கும் மகளுக்கும் சேர்த்து நான் ஒரு பை கட்டினேன். அவர் தனக்கு மட்டும் இரண்டு பெட்டி. புல்லில் உட்கார ஓர் உடை, மரத்தில் சாய ஓர் உடை, ஓடையில் கால் நனைக்க ஓர் அரைக்கால் சட்டை. கடைசி நாள் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்ள அவருடைய உயிரான கடல்நீல லினன் சட்டை. எனக்கும் மகளுக்கும் அதே நிறத்தில் கவுன் தைத்து வைத்திருந்தார். போதாததற்குக் கையடக்க இஸ்திரிப்பெட்டி, ஊசி நூல் கத்தரி வைக்கும் தகர டப்பா.

"கிராமத்துல உங்களை யாருங்க பாக்கப் போறா?" என்றேன்.

"மாடு பாக்கும்மா" என்றாள் மகள். மூன்று பேரும் சிரித்தோம்.

போய் இறங்கியபோது வீட்டுக்கார அம்மா ஒருத்திதான் இருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் தோள் உயரம்கூட இல்லாத ஒல்லி உடம்பு. புருஷன் வைக்கோல் பரணிலிருந்து ஏணியோடு விழுந்து தொடை எலும்பு முறிந்து, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றாள். "அதுக்காக உங்கள வரவேணாம்னு சொல்ல மனசு வரல தங்கச்சி. குழந்தை ஆசையா வருதுன்னீங்க" என்றாள். அறை பளிச்சென்று இருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே மாட்டுக் கொட்டகை. உள்ளே ஒரே ஒரு மாடு, செம்பட்டை நிறத்தில். செவலை என்று கூப்பிட்டாள்.

அன்று மாலை பால் கறக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொட்டகைத் தூணில் அடித்த ஆணியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, உடுப்புக்கு மேல் மாட்டிக்கொண்டாள். ஆம்பளைச் சட்டை. அவளைப் போல இரண்டு பேர் அதற்குள் குடித்தனம் நடத்தலாம். அழுக்கேறி என்ன நிறமென்றே தெரியவில்லை. கை விரலுக்குக் கீழே தொங்கியது. மூன்று மடிப்பு மடித்துவிட்டாள். குனிந்ததும் ஒரு பக்கத் தோள் நழுவியது. தூக்கிவிட்டாள். மறுபக்கம் நழுவியது. மடிப்பு அவிழ்ந்து கை நுனி பால் வாளியில் நனைந்தது.

எனக்கு மாடு தெரிந்தது. மகளுக்குப் பால் நுரை தெரிந்தது. இவர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, "தோளுல ரெண்டு இஞ்ச், பக்கத்துல நாலு இஞ்ச்" என்று முனகிக்கொண்டிருந்தார்.

"அது அவங்க சட்டை. நீங்க வாய மூடிட்டு காத்து வாங்குங்க" என்றேன்.

மறுநாள் காலைக் கறவை முடிந்ததும் அந்த அம்மா புருஷனைப் பார்க்க பஸ் ஏறிவிட்டாள். நான் மரத்தடியில் பாயைப் போட்டுச் சாய்ந்தேன். கொஞ்ச நேரத்தில் இவர் வந்து துணிப்பவுடர் எங்கே என்று கேட்டார். பையிலிருந்த வாசனைப் பவுடர் பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தூக்கக் கலக்கம்.

கண் விழித்தபோது கொடியில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கரும்பச்சை. அழுக்குக்குள் அப்படியொரு நிறம் இருந்திருக்கிறது. காய்ந்ததும் அதைப் பிரித்தார். தோளை ஏற்றினார், பக்கங்களைப் பிடித்தார், கையைக் குறைத்தார். மெஷின் கிடையாது. எல்லாம் கைத்தையல், ஆனால் மெஷின் தோற்றுப்போகும். கடைசியில் ஓரத்து மிச்சத் துணியைக் கத்தரித்துத் தள்ளினார்.

"என்னங்க, வெட்டவே மாட்டேன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்க?"

"பழைய துணிம்மா. உள்ள மடிச்சு விட்டா தடிமனாகி அவங்களுக்கு உறுத்தும். இனிமே இத யாரு பிரிச்சுப் பெருசாக்கப் போறா?"

இஸ்திரி போட்டு, அதே ஆணியில் கொண்டுபோய் மாட்டினார். அந்த அம்மா வரும்வரை பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி வாசலுக்கும் கொட்டகைக்குமாக நடந்தார். இதற்குப் போய்க் கோபப்படவும் முடியவில்லை. யாரோ ஒருத்திக்காக விடுமுறை நாளில் முதுகு ஒடியத் தைத்த மனுஷனை என்ன சொல்வது?

அவள் வந்தாள். சட்டையைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். காலரைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். அந்த நேரத்தில் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இவர் பார்க்கவில்லை. இவர் தோள் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப அழகா இருக்கு தம்பி" என்றாள். போட்டுக்கொண்டாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. கடையில் சுற்றுவது போல இவர் அவளை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

அவள் வாளியோடு மாட்டருகில் போனாள். செவலை கழுத்தை நீட்டி மோந்தது. மூக்கை விடைத்து இரண்டடி பின்வாங்கியது. அவள் தடவிக்கொடுத்து, பேசி, உட்கார்ந்து காம்பைப் பிடித்தாள். ஒரு சொட்டு வரவில்லை. மறுபடி பிடித்தாள். விட்டது பார் ஓர் உதை, வாளி கொட்டகைக்கு வெளியே வந்து விழுந்தது. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா ஆச்சு?" என்று ஓடினேன்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. பாலை அடக்கிக்கிட்டா. இவ கன்னு பொறந்த வாரமே செத்துப்போச்சு. அப்போ இருந்து அவர் கைக்குத்தான் பால் விடுவா. அவர் வாசனை வந்தாத்தான் இவளுக்குப் பால் இறங்கும். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கும் இப்படித்தான் உதைச்சா. அப்புறம் அவர் சட்டைய மாட்டிக்கிட்டு உட்கார்ந்தேன், விட்டுட்டா." சொல்லிவிட்டு அவசர அவசரமாக, "நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க தம்பி, நல்லதுக்குத்தான செஞ்சீங்க" என்றாள்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. வேறு சட்டை, போர்வை, தலையணை எதுவும் இல்லையா என்று கேட்டேன். எல்லாம் அவர் விழுந்த அன்றே துவைத்து வைத்தாயிற்று, மீதி உடுப்பு ஆஸ்பத்திரியில், அங்கேயும் மருந்து போட்டு வெளுக்கிறார்கள் என்றாள். இது ஒன்றைத்தான் வேண்டுமென்றே துவைக்காமல் வைத்திருந்தாள்.

பதினைந்து வருஷமாக ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்குகிறவள் நான். திட்டுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இந்த அம்மா திட்டவே இல்லை. மறுநாள் காலையும் மாடு உதைத்தது. அவள் கைகழுவிவிட்டு வந்து, "குழந்தைக்குப் பால் இல்லாமப் போச்சே" என்று வருத்தப்பட்டு, பக்கத்து வீட்டில் வாங்கிக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பாலை எப்படிக் குடிப்பது? மகள்கூடத் தொடவில்லை. இவர் சாப்பாட்டுத் தட்டின் பக்கமே போகவில்லை. பெட்டியைத் திறந்து அன்றைக்கு என்ன போடுவது என்று பார்க்காமல், முந்தின நாள் சட்டையோடேயே கொட்டகை வாசலில் குந்தியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் காணாத காட்சி.

மாட்டின் மடி கல்லாக இறுகிவிட்டது. தொட்டாலே துள்ளியது. மாட்டு டாக்டர் வந்து காம்பில் குழாய் விட்டுக் கொஞ்சம் பால் வடித்தார். பின்பக்கத்து ஒரு காம்பில் பால் திரிதிரியாக வந்தது. "குழாய் சும்மா ஆபத்துக்குத்தான். மாடு தானா பால் விட்டாத்தான் மடி பிழைக்கும். சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சட்டைய அவர்கிட்டயே கொண்டுபோய்ப் போட்டுவிடலாம். ஒரு நாள் உடம்புல கிடந்தா வாசனை வந்துடும்ல?" என்றார் இவர். எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது; செவலைக்குப் பழக்கமான கொட்டகைச் சட்டை இது ஒன்றுதான் என்றாள். உடனே அணைந்தது. "மாட்டுக்கு இப்படின்னு அவருக்குத் தெரியக் கூடாது தம்பி. காலை அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். தெரிஞ்சா எழுந்து வந்துடுவார்."

அதனால் பொய் தயாரித்தோம். வார்டில் இரவில் குளிருகிறதே, வீட்டுச் சட்டை போட்டுக்கொள்ளட்டும் என்று.

வார்டில் மாட்டுக்காரர் கால் மேலே தூக்கிக் கட்டப்பட்டுக் கிடந்தார். ஆள் ஓங்குதாங்கான உடம்பு. அவரைப் பார்த்ததுமே இவர் கண் அவர் தோளில் போய் நின்றதை நான் கவனித்தேன். கண்ணளவுக்காரர் அல்லவா, வெட்டிய சட்டை அந்த உடம்புக்கு ஏறாது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பதற்றத்தில் எங்களில் ஒருவருக்கும் அதுவரை அது தோன்றவே இல்லை.

"செவலை எப்படி இருக்கா?" இதுதான் மாட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி.

"நல்லா இருக்கா" என்று சிரித்தாள் அவள். சட்டையை எடுத்து மாட்டிவிடப் போனாள். ஒரு கை பாதியில் நின்றது. தோள் ஏறவில்லை. இழுத்தாள். தையல் முறுகியது.

அவர் அதை வாங்கி மடியில் விரித்துப் பார்த்தார். தோளைத் தடவினார். பக்கத் தையலில் விரலை ஓட்டினார். பிறகு பெண்டாட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது உன் அளவுக்கு வெட்டினதுல்ல?"

அவள் சட்டையைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"அப்போ நான் திரும்பி வரமாட்டேன்னு டாக்டர் உன்கிட்ட சொல்லிட்டாரா?"

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது எனக்கு. அந்த அம்மா "ஐயோ, இல்லீங்க, இல்லீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. இவர் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டார். கடையில் மண்டியிடுவது போலத்தான். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணா, அவங்க மேல தப்பே இல்ல. நான்தான் கேக்காம துவைச்சேன். நான்தான் வெட்டினேன். அவங்களுக்குப் பெருசா இருக்கேன்னு பாத்தேன். ஏன் பெருசா இருக்குன்னு நினைக்கல" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மாடு, மடி, டாக்டர், ஒன்று விடாமல்.

மாட்டுக்காரர் எழுந்திருக்க ஒரு முயற்சி செய்தார். வலியில் முகம் வெளுத்துப் படுக்கையில் சாய்ந்தார். பிறகு வாங்கு வாங்கென்று வாங்கினார். "அழுக்குன்னா உனக்கு அவ்வளவு எளப்பமாய்யா? ஊரான் வீட்டு ஆணியில தொங்கறத எடுக்க உனக்கு யாரு உரிமை குடுத்தா? கன்னு செத்த மாட்டை நான் எப்படித் தேத்துனேன் தெரியுமா உனக்கு?" வார்டே திரும்பிப் பார்த்தது. இவர் தலையைக் குனிந்து ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டார். ஒருத்தராவது திட்டினாரே என்று எனக்கே கொஞ்சம் மூச்சு வந்தது.

திட்டி ஓய்ந்ததும் மாட்டுக்காரர் சட்டையை இவர் மேல் எறிந்தார். "எனக்குப் பத்தற மாதிரி பண்ணிக் குடு. சீக்கிரம்."

பிரித்துவிட உள்ளே துணி இருந்தால் கால் மணி நேர வேலை. அதுதான் வெட்டியாயிற்றே. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, எங்கே போனாலும் கூடவே வரும் தகர டப்பாவைத் திறந்து, தன் தையலைத் தானே பிரித்தார். இரண்டு பக்கமும் வாய் பிளந்து கிடந்தது சட்டை. என்னை ஒரு முறை பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், மரியாதையாக இருக்க வேண்டும் என்று நான்தான் காலையில் அவரை அந்தக் கடல்நீல லினனைப் போட வைத்திருந்தேன். அதைக் கழற்றினார். முதுகில் கத்தரியை வைத்தார்.

"என்னங்க..." என்றேன்.

"பேசாம இரும்மா."

முதுகுத் துணியை நீளப் பட்டைகளாக வெட்டி, கரும்பச்சைச் சட்டையின் இரண்டு பக்கத்திலும், தோளிலும், கை நுனியிலும் ஒட்டுக் கொடுத்துத் தைத்தார். பனியனோடு உட்கார்ந்து அவர் தைத்ததைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறத்தில் இல்லாவிட்டால் தெருமுனைக்குக்கூடப் போகாத மனுஷன் அவர். என் கண்ணில் தண்ணீர் நின்றது. திட்டுவதற்கு என்னிடம் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.

அன்றிரவு இவர் ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். நாங்கள் மூவரும் கிராமத்துக்குத் திரும்பினோம். மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து பனியனோடு இறங்கினார். சட்டையைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தார். தன் வாசனை கலந்துவிடுமோ என்று இடையில் ஆஸ்பத்திரித் தாள் ஒன்று. கட்டிலுக்கு மேலே தொங்கும் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கும் பயிற்சி செய்யச் சொல்லி நர்ஸுகள் எத்தனையோ நாள் கெஞ்சியும் மாட்டுக்காரர் மறுத்துக்கொண்டிருந்தாராம். அன்று வியர்வைக்காக, பல்லைக் கடித்துக்கொண்டு, விடாமல் செய்தாராம். "வலியில கத்தினார்மா. எனக்காக இல்ல, மாட்டுக்காக. ஆனா நான் வெட்டினதாலதான" என்றார் இவர்.

வீட்டுக்கார அம்மா அதைப் போட்டுக்கொண்டாள். பச்சைச் சட்டையில் நீலப் பட்டைகள். கை விரலுக்குக் கீழே தொங்கியது. மூன்று மடிப்பு மடித்தாள். செவலை கழுத்தை நீட்டியது. காலரை மோந்தது, அக்குளை மோந்தது, நீலப் பட்டையை மோந்து தும்மியது. மறுபடி காலருக்கு வந்தது. அங்கேயே மூக்கை வைத்து நின்றது.

வாளியில் பால் விழுந்த சத்தம் கேட்டதும் மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இவர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கறந்து முடிக்கும் நேரத்தில், "பின்பக்கக் காம்பு ஒண்ண நீங்க தொடவே இல்லையேக்கா" என்றார். தையலில் ஒரு புள்ளி விட்டாலும் தெரிகிற கண் அது.

அவள் அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்தாள். "அது போச்சு தம்பி. விடுங்க, மூணு போதும்."

இவர் தூணைப் பிடித்துக்கொண்டார். அவள் வாளியைத் தூக்க எழுந்தபோது ஒரு பக்கத் தோள் நழுவியது. தூக்கிவிட்டாள். மறுபக்கம் நழுவியது.

"இன்னும் ரொம்பப் பெருசா இருக்கேப்பா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"பெருசாவே இருக்கட்டும்மா. அவர் வரணும்ல" என்றார்.